பூவோடு நின்றுவிடும் கேமரா

சித்திரை வெயிலில் வண்ணத்துப்பூச்சி பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும்போது ஈரமும் துளிரும் இருப்பது தண்ணீர் ஊற்றி வளர்க்கும் வீட்டுத் தோட்டத்தில்தான். காலையில் சிறகை விரித்து வெயில் காய்பவை, உச்சிப்பொழுதில் இலையடியில் ஒதுங்கிவிடும்.

செல்போனில் அவற்றைப் படமெடுக்கும் பழக்கம் பெருகியிருப்பதை மனதார வரவேற்கிறேன். முன்பு இனம் காண வலை வீசிப் பிடித்து ஊசி குத்தி வைத்தார்கள். இன்று பல இனங்களுக்குத் தெளிவான ஒரு படம் போதும். கறிவேப்பிலை அழகியைப் பாருங்கள். அதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். மற்றவை, பறவைகள் ஒதுக்கும் நச்சு இனங்களான ரோசா அழகி, சிவப்புடல் அழகி ஆகியவற்றைப் போலச் சிறகு கொண்டு தப்பிக்கும். பறக்கையில் நம் கண்ணும் ஏமாறும். படத்தைப் பெரிதாக்கினால், உடல் சிவப்பா கறுப்பா என்பதில் குட்டு உடைந்துவிடும்.

ஆனால், அழகுக்காக விரித்த சிறகை மட்டும் எடுப்பவர்கள் பாதித் தகவலை விட்டுவிடுகிறார்கள். புல்தரையில் தாழப் பறக்கும் சிறு மஞ்சள் பூச்சிகளில் சில இனங்களைப் பிரிக்க, முன்சிறகின் அடிப்பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் இரண்டா மூன்றா என்று பார்த்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, கேமரா பூவோடு நின்றுவிடுவது. படத்துக்காக இட்லிப்பூவும் உண்ணிச்செடியும் நடுகிறார்கள். கறிவேப்பிலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்கிறார்கள். அந்த ஓட்டையருகே குனிந்து பார்த்தால் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும்; தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றத்தை வீசும். தேன் பல பூக்களில் கிடைக்கும். புழுவுக்கோ இன்ன இலைதான் வேண்டும். கறிவேப்பிலை அழகிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை; வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. எருக்கைக் களையென்று வெட்டிவிட்டு வெந்தய வரியனுக்காகக் காத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண்ணிக்கை விஷயத்திலும் படத்தை முழுதாக நம்ப முடியாது. ஒரே பூச்சி பத்துப் படங்களில் வரலாம். பத்துப் பூச்சிகளில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். ஆகவே படத்தோடு தேதி, நேரம், உட்கார்ந்திருந்த செடி, கடித்த இலை ஆகியவற்றையும் எழுதி வைக்கச் சொல்வேன். மே மாதத்தில் ஒன்றுமே வராத காலைகளையும் சேர்த்துத்தான்.