சந்தனம் ஒன்று, வாசல் பல

சரக்கு ஒன்றாக இருக்கலாம். வாங்குகிறவர் மனம் ஒன்றாக இருப்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு இது பால பாடம். பெரிய கம்பெனிகள்தான் இதை மறந்துவிடுகின்றன. நம் ஊர் மைசூர் சாண்டல் சோப்பையே எடுத்துக்கொள்வோம்.

முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்றுபோனது. தேங்கிக் கிடந்த கட்டையிலிருந்து எண்ணெய் எடுக்க 1916இல் மைசூர் அரசு ஆலை கண்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். அந்த எண்ணெயில் பிறந்ததுதான் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபச் சின்னம் தாங்கிய இந்தச் சோப்பு. 2025 மே மாதம் இதன் விளம்பரத்துக்கு நடிகை தமன்னாவை இரண்டு ஆண்டுக்கு ரூ. 6.20 கோடியில் அமர்த்தினார்கள். கன்னட நடிகை கிடைக்கவில்லையா என்று எதிர்ப்பு எழுந்தது. வெளிமாநிலச் சந்தையைப் பிடிக்கவே இந்த ஏற்பாடு என்றார் அமைச்சர் எம்.பி. பாட்டீல்.

இரு தரப்பும் பேசியது முகத்தைப் பற்றி. அந்த முகம் எந்த ஊரில் என்ன சொல்லப் போகிறது என்று கேட்டவர் குறைவு. 2006இல் தோனியை வைத்தபோதும் இதே கேள்வி இருந்தது. வெளிமாநிலம் என்பது ஒரே ஊரா என்ன? நம் டி.வி.யில் பாருங்கள்: வகிட்டில் சிந்தூரம், தலையில் முக்காடு, தட்டில் ரொட்டி, பேச்சு மட்டும் தமிழ். உதடு ஒண்ணு சொல்லுது, குரல் வேறொண்ணு சொல்லுது. இது மொழிமாற்றமே தவிர, மனம் அறிந்த பேச்சு அல்ல.

சந்தனத்துக்கே எத்தனை வாசல்! தமிழர் கல்யாணத்தில் அது பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்று வருகிறவரை வரவேற்கிறது. நாகூரில் சந்தனக்கூடாகத் தெருவில் வலம் வருகிறது. சிரவணபெளகொளாவில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோமதீசுவரர் மேல் அபிஷேகமாகிறது. ஓரிடத்தில் உபசாரம், ஓரிடத்தில் நேர்ச்சை, ஓரிடத்தில் வழிபாடு. விளம்பரம் எழுதுகிறவர் முதலில் இந்த வாசல்களைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஊருக்கு ஊர் பேச்சை மாற்றினால் உண்மை கெடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சமணரால் துறவைத்தான் பாட முடியும் என்று புலவர்கள் சொல்ல, திருத்தக்கதேவர் காதலும் மணமும் நிறைந்த சிந்தாமணியைப் பாடினார் என்பது வழிவழிக் கதை. ஆனால் காவியம் முடிவது சீவகன் துறவில். கன்னட நாட்டில் பம்பர் 941இல் ஆதிபுராணத்தைச் சம்பு நடையில் தந்தார். கேட்பவருக்கு ஏற்ப வடிவம் மாறியது, அறம் மாறவில்லை. விளம்பரத்துக்கும் இதுவே உரைகல். சொல்லும் விதத்தை மாற்றலாம். சரக்கின் தரத்தையும் எடையையும் பற்றிய சொல் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இச்சகம். இச்சகத்தை வாங்குகிறவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்.

பெங்களூருவில் கடை வைத்திருக்கும் நம்மவருக்கும் இதில் பாடம் உண்டு. பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2024இல் சட்டம் திருத்தினார்கள். அபராதத்துக்குப் பயந்து எழுதிய பலகையில் எழுத்துப் பிழை மலிந்திருக்கிறது. படி ஏறி வருகிற கன்னடக்காரர் அதை முதலில் கவனிப்பார். தமிழைத் தப்பும் தவறுமாகப் போடும் விளம்பரத்தைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அந்த நியாயம் அவருக்கும் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்த ஒரு கன்னட நண்பரிடம் பலகையை ஒருமுறை காட்டுங்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.