எழுதாமல் விட்ட ஒரு வரி

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்டதும் வலைச் சேவையகம், அதாவது பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கு வழங்கும் கணினி, அனுப்பும் விடையின் கட்டமைப்பைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை; எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் அதன் முன்பகுதி வெறும் எழுத்தாகவே வருவதால், அதைத் திரையில் விரித்துப் படிப்பவருக்கு நன்கு எழுதிய கடிதத்தின் ஒழுங்கு புலப்படும். முதல் வரி, 200 என்றால் கேட்டது கிடைத்தது, 404 என்றால் அப்படியொன்று இங்கில்லை எனச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறது. அடுத்துவரும் தலைப்பு வரிகள், பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்ற ஒரே நடையில் அமைந்து, வருவது படமா எழுத்தா, எத்தனை பைட்டு என்பதை அறிவிக்கின்றன. பிறகு ஒன்றுமே எழுதாத ஒரு வரி வந்து, தலைப்புகள் முடிந்தன, இனி உள்ளடக்கம் என்று உணர்த்துகிறது. முழு அமைப்பிலும் மிக அழகானது இதுவே எனலாம்.

நீளம் முன்னரே தெரியாத விடையைத் துண்டுகளாக அனுப்பும்போது, ஒவ்வொரு துண்டின் முன்னும் அதன் அளவு பதினாறடிமான எண்ணில் நிற்கிறது. 1024 பைட்டு அங்கே 400 என்றே எழுதப்படும் (பழகாத கண் சற்றே தடுமாறும்). அளவு 0 என வந்தால் உள்ளடக்கம் முடிந்தது. இரண்டாம் பதிப்பு இவற்றையெல்லாம் இருமக் குறிகளாக்கிவிட்டது. வேகம் கூடியது உண்மை, ஆனால் கண்ணால் படித்துச் சுவைக்க 1.1 தான் ஏற்றது.