எண்டோவின் ‘மௌனம்’: சாட்சி யாருடையது?

கிரேக்க மொழியில் ‘மார்ட்டிஸ்’ என்னும் சொல் முதலில் மன்றில் நின்று சாட்சி சொல்பவனையே குறித்தது. விசுவாசத்திற்காக உயிர் நீத்தவன் என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். தமிழ்க் கத்தோலிக்கரின் ‘வேதசாட்சி’ என்ற வழக்கு இரண்டையும் ஒருங்கே பேணுகின்றது. சொல்லும் சாவும் ஒன்றையொன்று பிரிய நேரின் சாட்சியம் யாதாகும்? யப்பானிய நாவலாசிரியர் சூசாகு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’ எழுப்பும் வினா இதுவே.

போர்த்துக்கேய யேசுசபைக் குருவான பெரைரா 1633இல் நாகசாகியில் வதை தாளாது மறுதலித்தமை வரலாறு. அவரைத் தேடிச் செல்லும் ரொட்ரிகஸ் என்னும் இளங்குருவும் ஈற்றிலே கிறிஸ்துவின் உருவம் பொறித்த தகட்டை மிதிக்கின்றார். அவரை மிதிக்கச் சொன்ன குரல் கிறிஸ்துவினுடையதா, அவரது மனம் புனைந்த சாக்கா என்பதிலேயே விமர்சகர் பெரிதும் மாறுபடுவர். அவ்விவாதம் நாவலின் அமைப்பை நோக்கவிடாது செய்துவிட்டது எனலாம்.

முற்பகுதி ரொட்ரிகஸ் எழுதும் கடிதங்களாக அமைந்துள்ளது. கடலோரத்திற் கழுமரங்களிற் கட்டப்பட்டு, ஏறும் அலையில் மாளும் மொக்கிச்சி, இச்சிசோ என்னும் ஏழைக் குடியானவரை நாம் அறிவது குருவின் எழுத்தினூடாகவே. சாவு அவர்களுடையது, சொல் அவருடையது. அவர் சிறைப்பட்டபின் ஆசிரியர் கூற்றுத் தொடர்கின்றது. எழுதுகோல் அவர் கையை விட்டகல்கின்றது. குழியில் தலைகீழாகத் தொங்கும் குடியானவர் ஏற்கெனவே பலமுறை மறுதலித்தவர்கள். ஆயினும் விடுவிக்கப்படவில்லை. ஆளுநன் இனோவே வேண்டிநிற்பது குருவின் மறுப்பை மாத்திரமே. விசுவாசத்திற்கு மட்டுமன்றி மறுதலிப்பிற்கும் வர்க்க மதிப்பு உண்டு என்பதை இதனிலும் கூர்மையாக உணர்த்திய நாவல்கள் சிலவே. ஆயினும் அக்குடியானவருக்கு எண்டோ போதிய பேச்சு அளித்தாரல்லர். கிறிஸ்துவின் பாடுகளோடு ரொட்ரிகஸ் தம்மை ஓயாது ஒப்பிடுவதற்கு ஒதுக்கிய பக்கங்களிற் சில அவர்களுக்குரியன.

இறுதிப் பகுதி, காவல் அலுவலர் ஒருவரின் வறண்ட நாட்குறிப்பு. வாசகர் பலர் விரைந்து கடந்து செல்லும் இப்பகுதியே நாவலின் உயிர்நிலை. பெயரும் மனைவியும் யப்பானிய அரசால் வழங்கப்பெற்று வாழும் அம்முன்னாட் குருவிடம் ஆண்டுகள் பல கழிந்தும் மறுப்புப் பத்திரம் எழுதுவிக்கப்படுகின்றது. முன்னைய மறுப்பை அதிகாரம் உண்மையிலேயே நம்பியிருந்தால் இத்தேவை எழுந்திராது. அவரைப் பன்முறை கைவிட்ட கிச்சிஜிரோவோ அவர் வீட்டிலேயே வாழ்கின்றான். அவனது கழுத்துப் பையிலிருந்து பேதுரு, பவுல் உருவங்கள் கண்டெடுக்கப்பட்டதை அலுவலர் பொருட்பட்டியல் எழுதுவதுபோற் பதிந்துவைக்கின்றார்.