24 பெயர், 3 கால்: ஒரு ட்ரான்சிஸ்டர் பெட்டியோடு இரண்டு மாதம்

என் அம்மம்மாவுக்கு ட்ரான்சிஸ்டர் என்றால் தலைமாட்டில் இருக்கும் ரேடியோ. திருகோணமலையில் அந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. முகப்பில் '7 ட்ரான்சிஸ்டர்' என்று பொறித்திருந்தால் வீட்டுக்குப் பெருமை. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ஒரு துண்டு ஜேர்மானியம், ரேடியோவின் பெயரையே விழுங்கிவிட்டது. போன மாசிக்குப் பிறகு எனக்குத் தபாலில் வந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பதோ 600 ட்ரான்சிஸ்டர்கள். அம்மம்மா கணக்கில் ஒரு ஊருக்கே ரேடியோ.

இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்பது இந்தப் பெட்டிதான்: 24 அறை, அறைக்கு 25. புதிதாகப் பழகுவோருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது விளம்பரம். அதைச் சோதிக்க ஒரு நிஜ வேலை தேவைப்பட்டது. திருக்கடலூரில் தொழில் செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனின் பைபர் போட்டில் தண்ணீர் ஏறினால் கத்தும் மணி. அது சரிவந்தால், தண்ணீரைத் தானே இறைக்கும் பம்ப். இவ்வளவுதான் திட்டம்.

மணி ஐந்து நிமிட வேலை. 9 வோல்ட் பற்றறி, ஒரு பசர், 10 ஆயிரம் ஓம் தடையி ஒன்று, துருப்பிடிக்காத இரண்டு திருகாணி, ஒரு பி.சி.547. திருகாணிகளுக்கிடையே தண்ணீர் வந்ததும் துளியளவு மின்னோட்டம் ட்ரான்சிஸ்டரின் அடிக்குப் போகிறது, அதைப்போல இருநூறு மடங்கு வரை சேகரிப்பான் வழியாகப் போக அது விடுகிறது, பசர் கத்துகிறது. காலி (எமிட்டர்), அடி (பேஸ்), சேகரிப்பான் (கலெக்டர்) என்பவை நம் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தின் சொற்கள். காலைப் பிழையாக மாட்டினால் மூன்றுமே காலி என்று வகுப்பில் பகிடி விடுவோம்.

உண்மையில் உடனே காலியாவதில்லை, அதுதான் ஆபத்து. பி.சி.547 கையிருப்பில் இருக்கும்போதே, சோதனைக்காக அதே இடத்தில் 2என்3904 ஒன்றைச் செருகினேன். இரண்டும் என்.பி.என்., இரண்டும் அதே அரைவட்டக் கறுப்பு உடல். பசர் 'க்ர்ர்' என்று முனகியது. பற்றறியை மாற்றினேன், திருகாணியைத் தேய்த்தேன், இரண்டு மாலை போயிற்று. தட்டையான முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் பி.சி.547க்கு இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி. 2என்3904க்கு நேரெதிர்: காலி, அடி, சேகரிப்பான். தலைகீழாக மாட்டிய ட்ரான்சிஸ்டரும் வேலை செய்யும், சில மடங்கு பெருக்கத்தோடு மட்டும். முற்றாகச் செத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

பெட்டிக்குள் மூன்றாவது ஒழுங்கும் உண்டு. சி1815, சி945, ஏ1015 ஆகிய ஜப்பானிய வம்சத்துக்கு அடி நடுவில் இல்லை, வலது ஓரத்தில். இதைவிட மோசமானது 2என்2222. அதன் பிளாஸ்டிக் வடிவத்தில் பி.என்.2222ஏ என்றால் ஓர் ஒழுங்கு, பி2என்2222ஏ என்றால் நேரெதிர் ஒழுங்கு. இரண்டையும் கடைக்காரர் '2222' என்றே தருவார். மூடியில் ஒட்டிய தாளில் பெயர்கள் மட்டும். கால் ஒழுங்கு ஒன்றுக்கும் இல்லை. பழகுவோருக்கென்று விற்கும் பெட்டியில் இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் தப்பலாம். டயோட் நிலையில் வையுங்கள். மற்ற இரண்டு காலுக்கும் 0.6, 0.7 வோல்ட் காட்டுவது எந்தக் காலோ அதுவே அடி. சிவப்பு முனை அடியில் இருக்கும்போது காட்டினால் என்.பி.என்., கறுப்பு முனை என்றால் பி.என்.பி. மிச்ச இரண்டில் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது காலி. வித்தியாசம் கடைசி இலக்கங்களில்தான் தெரியும், பொறுமை வேண்டும்.

24 பெயர் என்கிறார்களே, 24 வகையா? பி.சி.547, 548, 549 மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முதலாவது 45 வோல்ட் தாங்கும், மற்றவை 30. 549க்கு இரைச்சல் குறைவு, மைக் பெருக்கிக்கு உதவும். 556, 557, 558 அதே குடும்பத்தின் பி.என்.பி. வகைகள். மின் பாதையின் நேர்ப் பக்கத்தைத் திறந்து மூட அவை வேண்டும். எஸ்9018 உயர் அதிர்வெண்ணுக்கானது. பையன்கள் சிறு எஃப்.எம். ஒலிபரப்பி செய்ய அதைத்தான் தேடுவார்கள். அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது நாட்டில் எங்குமே குற்றம். கடற்படைத் தளம் இருக்கும் ஊரில் அந்த ஆசை வேண்டவே வேண்டாம்.

உருப்படியாக வேறுபட்டது பி.சி.517. ஒரே உடலுக்குள் இரண்டு ட்ரான்சிஸ்டர், டார்லிங்டன் என்பார்கள். பெருக்கம் 30 ஆயிரம். பேசினில் பிடித்த மழைநீரில் பி.சி.547 முனகியபோது இது அலறியது. ஈரக் கை பட்டாலே கத்தியது. ஆகா என்று இதையே போட்டில் பூட்டினேன். மறுநாள் விடியவே அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, இது தண்ணிக்குக் கத்துதா, பனிக்குக் கத்துதா? ராவு முழுக்க நித்திரையில்ல."

திருகாணிகளுக்கு இடையே காய்ந்திருந்த உப்பு பனியில் நசநசத்ததே போதும் அதற்கு. திரும்பவும் பி.சி.547, கூடவே அடிக்கும் காலிக்கும் நடுவே 10 ஆயிரம் ஓம் தடையி. கடல்நீர் தாராளமாக மின்னைக் கடத்தும். அதற்கு இருநூறு மடங்கே அதிகம்.

பம்ப் விஷயத்தில் பெட்டி கையை விரித்துவிட்டது. 12 வோல்ட் பம்ப் 2.5 அம்பியர் இழுத்தது. பெட்டியில் பலசாலிகளில் ஒன்றான பி.சி.337 தாங்குவது 0.8 அம்பியர். ரிலே ஒன்றை இடையில் வைத்தேன். அதன் சுருளுக்கு 30 மில்லி அம்பியர் போதும். பம்பைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து பி.சி.337இன் அடிக்கு ஆயிரம் ஓம் தடையி. மூன்றாம் தடவை நிறுத்தியபோது ட்ரான்சிஸ்டர் செத்தது. சுருளுக்குக் குறுக்கே டயோட் போட மறந்திருந்தேன். மின்னை நிறுத்தியதும் சுருள் திருப்பி உதைக்கும் வோல்ட் நூறைத் தாண்டும். 45 வோல்ட் ட்ரான்சிஸ்டர் என்ன செய்யும்?

பிறகு நண்பர் ஒருவர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று பெரியவர்களை வாங்கி வந்தார். டிப்122, 5 அம்பியர் தாங்கும் டார்லிங்டன். பம்ப் ஓடியது, ஆனால் ட்ரான்சிஸ்டருக்குள்ளேயே 1.1 வோல்ட் விழுந்தது. 2.5 அம்பியரோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 2.75 வாட் வெப்பம். வெப்பத் தகடு இல்லாமல் விரல் வைக்க முடியவில்லை.

அடுத்தவை மொஸ்ஃபெட்கள். இவற்றுக்கு அடிக்கு மின்னோட்டம் ஊட்ட வேண்டியதில்லை; கேட் என்ற காலில் வோல்ட் இருந்தால் போதும், திறந்துகொள்ளும். எவ்வளவு வோல்ட் என்பதில்தான் சூட்சுமம். ஐ.ஆர்.எஃப்.540என் முழுதாகத் திறக்கும் என்று தரவுத்தாள் உறுதி சொல்வது 10 வோல்டில். ஆர்டுயினோவின் 5 வோல்டில் சமாளித்தது, ஈ.எஸ்.பி.32இன் 3.3 வோல்டில் பம்ப் இழுத்து இழுத்து நின்றது. ஐ.ஆர்.எல்.இசட்.44என் 5 வோல்டுக்கென்றே செய்தது. அதன் தடை 0.025 ஓம் அளவு, வெப்பம் கால் வாட்டுக்கும் குறைவு. அரை மணி ஓடியபின் தொட்டேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கேட்டுக்கும் சோர்ஸ் என்ற காலுக்கும் நடுவே 10 ஆயிரம் ஓம் தடையி போடாமல் விட்டால் கை பக்கத்தில் போனாலே பம்ப் ஓடும், பேய் பிடித்ததுபோல. மோட்டாருக்குக் குறுக்கே 1என்5408 டயோட் கட்டாயம்.

துறைமுகக் காற்றுக்கும் ஒரு சொல். திறந்து வைத்த அறைகளில் கால்கள் ஒரு மாதத்தில் கறுத்தன. ஈயம் ஒட்ட மறுத்தது. மெல்லச் சுரண்டிவிட்டே பற்றவைக்க முடிந்தது. போட்டுக்குப் போகும் சுற்றுக்கு நகப்பூச்சு இரண்டு தடவை பூசினேன். இன்னும் பச்சை பிடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறீர்களா? பெட்டியை விடுங்கள். பி.சி.337 பத்து, பி.சி.327 ஐந்து, ஐ.ஆர்.எல்.இசட்.44என் இரண்டு, 1என்4007 டயோட் பத்து, மலிவான மல்டிமீட்டர் ஒன்று. ஒரு வருடத்துக்கு இது போதும், கால் ஒழுங்கும் தானாக மனதில் நிற்கும். எனக்கு அந்த 24 அறையில் பயன்பட்டவை நாலு. பெட்டி மட்டும் நல்ல பெட்டி. மற்ற அறைகளைக் காலி செய்து திருகாணி போட்டு வைத்திருக்கிறேன்.