இத்தாக்காவுக்கு அரை மணி நேரம்

கவாஃபியின் ‘இத்தாக்கா’ கவிதையை வாசிக்காதவர்களுக்கும் அதன் சாரம் தெரியும்: போய்ச் சேரும் இடம் பெரிதில்லை, பயணம்தான் பெரிது. பட்டமளிப்பு விழாப் பேச்சுகளிலும் இன்ஸ்டாகிராம் படங்களுக்குக் கீழேயும் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. 1994இல் ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் இறுதிச் சடங்கிலும் இந்தக் கவிதையை வாசித்தார்கள். நம் வட்டத்திலும், வேலையை விட்டு வேறு நாட்டுக்குப் போகும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இதைவிடத் தோதான கவிதை கிடையாது.

எனக்கு வேலை எஞ்சினியரிங். எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் முதலில் மேப்பைத் திறந்து தூரம் பார்க்கிற பழக்கம். இத்தாக்காவை அப்படிப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். பக்கத்துத் தீவு கெஃபலோனியா. அங்கே சாமி என்ற துறையில் ஃபெரி ஏறினால் அரை மணி நேரத்துக்குள் இத்தாக்காவின் பிசாயெத்தோஸில் இறங்கிவிடலாம். அங்கே ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, இறங்குதுறை மட்டும்தான். வாதி என்கிற தலைநகரம் தீவின் மறுபக்கம். மொத்தத் தீவிலும் சுமார் 3,000 பேர். விமான நிலையம் இல்லை. விமானம் ஏற வேண்டுமென்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றாலும் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். காரும் லோரியும் அதே ஃபெரியில்தான் வருகின்றன.

இதைச் சொல்லி கவாஃபியை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. 1863இல் அலெக்சாண்டிரியாவில் பிறந்து, அங்கேயே நீர்ப்பாசன அலுவலகத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். தினமும் அதே மேசைக்குப் போய் உட்கார்ந்த மனிதர் ‘வழி நீளமாக இருக்கட்டும்’ என்று ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1911இல் வெளிவந்த அந்தக் கவிதை இத்தாக்காவை ஒதுக்கவும் இல்லை. அதை எப்போதும் மனதில் வைத்துக்கொள், அவசரப்படாதே என்றுதான் சொல்கிறது. ஊரை வெட்டிவிட்டுப் பயணத்தை மட்டும் போஸ்டர் அடித்தவர்கள் நாம்.

ஆனால் கவிதைக்குள்ளேயே ஒரு வெற்றிடம் உண்டு. கவாஃபியின் இத்தாக்காவில் ஆளே இல்லை. வழியில் ராட்சதர்கள் வருகிறார்கள், சந்தைகள் வருகின்றன, பவளமும் வாசனைத் திரவியமும் வருகின்றன. கரையில் காத்திருப்பவர் என்று ஒருவரும் கிடையாது. பெனலோப்பி இல்லை, மகன் டெலமாக்கஸ் இல்லை, கிழட்டு நாய் ஆர்கோஸ்கூட இல்லை. யாரும் காத்திருக்காத ஊருக்கு எவ்வளவு தாமதமாகப் போனால்தான் என்ன?

இந்தக் கேள்வியோடு ‘ஒடிஸி’யைத் திரும்ப வாசித்தேன் (எமிலி வில்சனின் 2017 ஆங்கில மொழிபெயர்ப்பு). மொத்தம் 24 காண்டங்கள். 13ஆம் காண்டத்திலேயே ஒடிஸியஸ் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறான். அதுவும் கடைசிக் கடல்வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வருகிறான். மாலுமிகள் அவனைத் தூக்கி மணலில் கிடத்திவிட்டுப் போகிறார்கள். காவியத்தின் சரிபாதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ராட்சதர்களும் சூனியக்காரியும் முதல் பாதியோடு சரி. அடுத்த பாதி முழுக்க வீடு, முற்றம், பன்றித் தொழுவம், சோற்றுப் பந்தி. 2024இல் வந்த ‘தி ரிட்டர்ன்’ படம் இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த இரண்டாம் பாதியில், 20ஆம் காண்டத்தில், ஒரு ஃபெரி வருகிறது. பலரும் தாண்டிப் போய்விடும் இடம். பிலோய்த்தியோஸ் என்ற மாட்டிடையன் ஒரு மலட்டுப் பசுவையும் கொழுத்த ஆடுகளையும் அரண்மனைப் பந்திக்கு ஓட்டி வருகிறான். அவற்றை அக்கரையிலிருந்து கொண்டு வந்தவர்கள் ஓடக்காரர்கள். வந்து கேட்கும் யாரையும் ஏற்றிக்கொள்பவர்கள் அவர்கள் என்று ஹோமர் போகிற போக்கில் ஒரு தகவல் சொல்கிறார். ஆக, அது வழக்கமாக ஓடுகிற சர்வீஸ். உலகமே சுற்றி ஒருவன் இருபது ஆண்டு கழித்து வந்த அதே தீவுக்கு, அந்த இருபது ஆண்டும் ஓடம் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

பிலோய்த்தியோஸ் இறங்கியதும் என்ன செய்கிறான்? பிச்சைக்கார வேடத்தில் இருக்கும் ஒடிஸியஸிடம் போய்க் கை கொடுக்கிறான். தகப்பன் முறை வைத்து அழைக்கிறான். என் எஜமானும் இப்படித்தான் கந்தலோடு எங்கேயோ அலைகிறாரோ என்று கண் கலங்குகிறான். எதிரில் நிற்பவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. மறுகாண்டத்தில் சண்டைக்கு முன் முற்றத்துக் கதவை இழுத்துக் கட்டுபவனும் இவன்தான். எதனால் கட்டுகிறான் தெரியுமா? அங்கே கிடந்த கப்பல் கயிற்றால். எனக்கு ஒட்டுமொத்தக் காவியமும் அந்த முடிச்சில் இருப்பதாகப் படுகிறது. கடலில் கிடந்த கயிறு கடைசியில் வீட்டுக் கதவைக் கட்டத்தான் உதவுகிறது.

ஹோமரின் இத்தாக்கா இன்றைய இத்தாக்காதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மேற்குக் கோடியில் தாழ்ந்து கிடக்கும் தீவு என்கிறது காவியம். இன்றைய இத்தாக்காவோ மலைப்பாங்கானது, கெஃபலோனியாவுக்குக் கிழக்கே இருப்பது. லெஃப்காடாதான் என்றார் டோர்ப்ஃபெல்ட். கெஃபலோனியாவின் பாலிக்கி தீபகற்பம்தான் என்று 2005இல் புத்தகம் போட்டார் பிட்டில்ஸ்டோன். யார் ஜெயித்தாலும் எனக்குக் கவலையில்லை. எல்லாமே ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கரைகள்.

அங்கே வாழ்பவர்களுக்கு இந்தச் சின்னத் தூரம் சின்ன விஷயமே இல்லை. காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அரை மணி நேர வழி அப்போது ஒன்றிரண்டு நாளாகிவிடலாம். லாபம் தராத தீவுகளுக்கு அரசு மானியத்தில் கப்பல் விடும் ஏற்பாடு கிரேக்கத்தில் உண்டு. அந்தத் தடங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆகோனி கிராமி’, மலட்டுத் தடம். ஆகஸ்ட் 1953 நிலநடுக்கம் கெஃபலோனியாவையும் இத்தாக்காவையும் தரைமட்டமாக்கியபோது பலர் ஆஸ்திரேலியா வரை போய்விட்டார்கள். அவர்களுடையதுதான் நீண்ட பயணம். அதைப் போய் யாராவது அவர்களிடம் ‘பயணம்தான் பெரிது’ என்று வாழ்த்திச் சொல்லியிருக்க முடியுமா?

‘பயணம்தான் பெரிது’ என்பது கிளம்பிப் போகிறவனின் வாசகம். அதை அம்மாக்கள் சொல்லிக் கேட்டதில்லை. ஒடிஸியஸின் அம்மா ஆன்டிக்ளெயா அவனுக்காக ஏங்கியே செத்துப் போனாள். பாதாள உலகத்தில் அவள் நிழலை மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் கை வெறுமையாகிறது. நீண்ட வழியின் விலை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கவாஃபியின் கவிதை அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

அதனால் அடுத்த முறை ஊரைவிட்டுக் கிளம்பும் நண்பனுக்கு ‘இத்தாக்கா’வை அனுப்புங்கள், தப்பில்லை. கூடவே ‘ஒடிஸி’யின் 20ஆம் காண்டத்தையும் அனுப்புங்கள். அதில் ஓடக்காரர்கள் இருக்கிறார்கள். வந்து கேட்கும் யாரையும் ஏற்றிக்கொள்வார்கள்.