அவைக்கு வெளியே ஒரு பதிலுரை

ஆண்டின் முதல் கூட்டத்தொடரைக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ உரையாற்றித் தொடங்கிவைக்க வேண்டும் என்கின்றன அரசமைப்புச் சட்டத்தின் 87, 176ஆம் பிரிவுகள். வாசிப்பவர் யாராக இருந்தாலும் எழுதித் தருவது அமைச்சரவைதான். ஆகவே எதிர்க்கட்சியின் பதில் ஆளுநர் மாளிகைக்கு அல்ல, கோட்டையில் இருக்கும் அரசுக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பதில் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் வருகிறது. எழுந்து நின்று முழக்கமிடுவது, வெளிநடப்புச் செய்வது, வாசலில் மைக் முன்னால் சில நிமிடங்கள் பேசிவிட்டுக் காரில் ஏறுவது.

இதில் கட்சி வேறுபாடு இல்லை. 2018, 2020 ஜனவரிகளில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் உரையாற்றியபோது மு.க. ஸ்டாலின் தலைமையில் திமுக வெளியே வந்தது. 2025 ஜனவரி 6 அன்று அதிமுக உறுப்பினர்கள் ‘யார் அந்த சார்?’ என்ற பேட்ஜுடன் வந்து, அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு முழக்கமிட்டார்கள். பேரவைத் தலைவர் உத்தரவின்படி வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த ஒரு நாளிலேயே இந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் தெரிந்துவிட்டன. பல பக்கம் பேசினாலும் நிற்காத ஒரு கேள்வி, மூன்றே சொற்களில் மக்கள் வாயில் நின்றது. ஆனால் அதே காலையில், தேசிய கீதம் இசைக்கப்படவில்லை என்று சொல்லி ஆளுநர் ஆர்.என். ரவி உரையை வாசிக்காமலே கிளம்பிவிட்டார். பேரவைத் தலைவர் அப்பாவு தமிழில் வாசித்த உரைக்குள் என்ன இருந்தது, எது விடுபட்டது என்ற பேச்சு பின்னுக்குப் போனது. அரசின் ஓராண்டுக் கொள்கை அறிக்கையை எதிர்க்கட்சி வரிவரியாகப் பிரித்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய நாள் அது.

வெளியே பேசுவதற்கும் அவையில் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு ஓமலூரில் இன்னும் துலக்கமாகத் தெரியும். அதிமுகவின் சேலம் புறநகர் மாவட்ட அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. எடப்பாடி பழனிசாமி பலமுறை செய்தியாளர்களைச் சந்தித்த இடம். மேசை தெரியாத அளவுக்கு மைக்குகள் அடுக்கப்பட்டிருக்கும். அவர் பேசி முடிப்பதற்குள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அது கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேகம் சட்டமன்றத்துக்கு வாய்க்காது. ஆனால் இந்த வட்டாரத்து விவசாயிக்கு வேறொரு கேள்வி இருக்கிறது: “எங்க ஏரிக்குத் தண்ணி எப்பங்க வரும்?” மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பழனிசாமி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்தார், முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மீதிப் பணிகள் இழுத்தடிக்கப்படுவதாக ஆட்சி மாறிய பிறகு அவரே குற்றம்சாட்டினார். குற்றச்சாட்டு நியாயமாகவே இருக்கட்டும். செய்தியாளர் சந்திப்பில் அதற்குப் பதில் சொல்ல எந்த அமைச்சரும் கடமைப்பட்டவரல்ல. அவையில் அதே கேள்வி எழுந்தால் குறிப்பில் ஏறும், முதல்வரின் பதிலுரை அதைத் தாண்டிப் போவது கடினம்.

அமெரிக்காவில் எதிர்க்கட்சிக்குப் பதிலை எங்கே சொல்வது என்ற தவிப்பு இல்லை. 1966 முதல் அதிபரின் ஆண்டு உரைக்கு எதிர்க்கட்சியின் மறுமொழியும் தொலைக்காட்சியில் வருகிறது. அங்கும் சிக்கல் உண்டு. 2013இல் மார்கோ ரூபியோ பேச்சின் நடுவே தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்ததும், 2024இல் கேட்டி பிரிட் சமையலறையில் உட்கார்ந்து பேசியதும்தான் மக்கள் நினைவில் தங்கின. நம் நாட்டிலும் இதேதான். 2025 ஜனவரி 31 அன்று திரௌபதி முர்மு உரையாற்றியபின், அவர் களைத்துப்போனார், பாவம் என்கிற பொருளில் சோனியா காந்தி சொன்னதற்குக் குடியரசுத் தலைவர் மாளிகையே கண்டனம் தெரிவித்தது. உரை மீதான காங்கிரசின் விமர்சனம் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

அவைக்குள் பதில் சொல்ல வழி இருக்கிறது: உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதம். அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் மாநிலங்களவையைப் பார்க்கலாம். 2015இல் கருப்புப் பணம், ஊழல் குறித்து சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தமும், 2016இல் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடும் உரிமை பற்றி குலாம் நபி ஆசாத் கொண்டுவந்த திருத்தமும் வாக்கெடுப்பில் வென்று, ஆளும் தரப்பைத் திகைக்க வைத்தன. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள சட்டமன்றத்தில் திருத்தம் தோற்கத்தான் செய்யும். தோற்றாலும் யார் எதை எதிர்த்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும்.

பழியை எதிர்க்கட்சி மீது மட்டும் சுமத்துவது நேர்மையல்ல. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலைக்கு வந்தது. ஆனாலும் தங்கள் பேச்சு வெட்டப்படுகிறது என்று அதிமுக தொடர்ந்து புகார் சொன்னது. உள்ளே பேசினால் ஓமலூருக்குக் கேட்காது என்றால் யாரும் வாசலைத்தான் தேடுவார்கள். நன்றி தீர்மான விவாதத்தை, எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சு உட்பட, ஒரு நொடியும் வெட்டாமல் ஒளிபரப்ப வேண்டும். எதிர்க்கட்சியும் முழக்கமிட்ட மறுநாள் அவைக்குத் திரும்பி, ஏரிக் கணக்கு முதல் மாணவியின் வழக்கு வரை ஒவ்வொன்றையும் திருத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.