புலி வருமுன்

'புலிக்கலைஞன்' கதையைப் பேச எடுத்தால் எல்லோரும் நேரே பாய்ச்சலுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்டூடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வரும் புலிவேஷக்காரர் காதர் புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த நோஞ்சான் உடம்பு வேறொன்றாக மாறும் இடம். சரிதான், தமிழில் அதற்கு ஈடாக வைக்க அதிகம் தேறாது. ஆனால் என் மோகம் அதற்கு முந்தைய பகுதியில். மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை என்பதையும், வேலையே இல்லாத ஸ்டூடியோ ஆட்களுக்கு அந்த இடைவேளை எப்படிக் கழிகிறது என்பதையும் அசோகமித்திரன் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போவாரே, அந்தத் தொடக்கம்.

இன்றைய கதைப் பட்டறைகளில் முதலில் அதைத்தான் வெட்டச் சொல்வார்கள். எடுத்த எடுப்பிலேயே புலியை அவிழ்த்துவிடு என்பார்கள். விட்டால் ஒரு வித்தை கிடைக்கும், அவ்வளவுதான். எதற்கும் அசையாமல் பழகிப்போன அந்த ஆபீஸ்காரர்கள் மிரள்வது நமக்கு உறைக்க வேண்டுமானால், அவர்களோடு நாமும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் காதருக்குப் போட்ட கடிதம் ஆளில்லை என்று திரும்பி வருகிறதே, அதையும் அதே ஆபீஸ் குரலில்தான் சொல்கிறார். குரலை ஒரு சுருதி ஏற்றியிருந்தால் கதை போயிருக்கும்.

"இது குமாஸ்தா நடை, மொழி என்றால் போதை ஏற வேண்டாமா?" என்று கேட்கும் லா.ச.ரா. அன்பர்கள் எனக்கு உண்டு. ஏறட்டும், எனக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் புதிதாக எழுத வருகிறவர் லா.ச.ரா.வைப் பின்பற்றினால் அவருடைய செருமல் மட்டும்தான் ஒட்டிக்கொள்கிறது. அசோகமித்திரனைப் பின்பற்றித் தோற்றால்கூட ஒரு தெருவோ தண்ணீர்க் குழாயோ மிஞ்சும்.

அந்தக் குரல் அவருக்கு எங்கே வாய்த்தது? கத்தரிக்கோலில் என்பது என் கட்சி. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. ஆள் நாளெல்லாம் தாள் கிழித்துக்கொண்டு வெட்டியாக இருக்கிறாரே என்று, போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் அறைக்குள் நுழைந்து நீளமாகப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்களாம். அலங்காரமில்லாத செய்தி வாக்கியம் ஒரு பக்கம், தானாக வந்து பேசும் மனிதர்கள் மறுபக்கம். கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன். அவரே விட்டுவிட்டுத்தானே வந்தார் என்று மடக்குவார்கள். வந்தார்தான், அதற்குள் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

இப்போது யாருக்கும் பதினான்கு மாதம்கூடப் பொறுக்கவில்லை. ஒரே கதையை ஆறு இதழ்களுக்கு ஒரே மின்னஞ்சலில் தட்டிவிடுகிறார்கள். அந்த ஆறில் ஒன்றையாவது புரட்டியிருப்பார்களா என்றால், இல்லை. பத்துக் கதை சேர்ந்ததும் தொகுப்பு, வெளியீட்டு விழா, மேடையில் ஏழு பேர். கையெழுத்துப் பிரதியைச் சிவப்பு மையால் கீறித் திருப்பி அனுப்பும் ஆசிரியர் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய் ஒரு முறை சேவித்துவிட்டு வருகிறேன்.

கதை அனுப்புமுன் இதழைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அசோகமித்திரன் ஒரு முறை 'இந்து' நாளிதழின் மூலையில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு ஒன்றைப் பார்த்தார். நடத்துவது 'என்கவுன்ட்டர்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகை. அவ்வளவு தபால் செலவழித்து அனுப்புமுன் அது எப்படிப்பட்ட பத்திரிகை என்று தெரிய வேண்டாமா? நேரே பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய் இதழ்களை எடுத்துப் பார்த்தார். ஆசிரியர் பெயர் ஸ்டீபன் ஸ்பென்டர். முன்பொரு நாள் ஜெமினிக்கு வந்து, அங்கிருந்த ஒருவருக்கும் விளங்காத உச்சரிப்பில் பேசிவிட்டுப் போன அதே கவிஞர்!